தோப்புத்தெருவின் தலைக்கணக்கு

வெள்ளம் வந்தால் சோறு ஆக்கிப் போட எனக்கு அதிகாரம் உண்டு. பாய் விரிக்கலாம், பிளீச்சிங் பவுடர் தூவலாம், செத்த மாட்டைப் புதைக்க ஜேசிபி வரவழைக்கலாம். ஆனால் அந்த வெள்ளத்தை எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு செய்யும் இடத்தில், மணல்குடி பேரூராட்சித் தலைவரான இந்தத் தில்லைநாயகிக்கு உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. அது அரணின் வேலை. கடமை பூராவும் என் தலையில், அதிகாரம் பூராவும் அதன் கையில்.

அரண் ஒரு இயந்திரம் என்கிறார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. போனில் மரியாதையாகப் பேசும். அந்த மரியாதையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அது வந்தபோது ஊரே கைதட்டியது. எங்களுக்கு மேற்கே நெடுமரத்து ஏரி. அதற்கு இரண்டு ஷட்டர். வடக்கு ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் எங்கள் தோப்புத்தெரு வழியாக ஓடும். தெற்கு ஷட்டரைத் திறந்தால் தொழிற்பேட்டைக்குள் போகும். இரண்டையும் திறக்காமல் விட்டால் கரை உடையும், உடைந்தால் ஊரே மிஞ்சாது. முன்பெல்லாம் மழை பிடித்துவிட்டால் ஷட்டர் மேல் இரண்டு கோஷ்டி தடிக்கம்போடு உட்கார்ந்திருக்கும். ஒருத்தனுக்குக் கட்சி, ஒருத்தனுக்குச் சாதி, ஒருத்தனுக்கு மாமன் மச்சான். ஒரு வருஷம் யார் திறந்தார்கள் என்றே தெரியாமல் ஒரு காலனி தூக்கத்திலேயே மூழ்கியது. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. இனி மனிதன் ஷட்டரைத் தொடக் கூடாது, இயந்திரம் தொடும். அதற்குக் கட்சி இல்லை, சாதி இல்லை. அது தலையை எண்ணும். எந்தப் பக்கம் தலை குறைவோ அந்தப் பக்கம் தண்ணீர். இரண்டு பக்கமும் சமமென்றால், சொத்து மதிப்பு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம். திறப்பதற்கு அரை மணி முன்னால் அறிவிக்கும். கலெக்டர் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

தலையை எப்படி எண்ணும்? போனை வைத்துத்தான். ஓர் ஆளின் பெயரில் பதிந்த போன் எங்கே இருக்கிறதோ, அங்கே ஆளும் இருப்பதாகக் கணக்கு. இதை யோசித்தவர்கள் போனைக் கக்கூசுக்கும் கையோடு கொண்டுபோகிற ரகம். எங்கள் ஊர்க்காரர்களை அவர்களுக்குத் தெரியாது.

அன்று காலையிலிருந்தே மேற்கே கருகருவென்று இருந்தது. முந்தின நாளே தோப்புத்தெருவைக் காலி செய்யச் சொல்லி அரண் உத்தரவு போட்டுவிட்டது. மத்தியானம் சாம்பார் சாதத்தை வேனில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். முகாம் என்றால், ஆள் சேராமல் மூடிப்போன ஒரு என்ஜினியரிங் காலேஜ். எங்கள் செயல் அலுவலர் நல்லதம்பி ஜீப்பில் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர். எந்த விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் எண்ணோடு சொல்வார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்க முடியாது.

காலேஜ் வாசலில் இருந்த திரை, 'தோப்புத்தெரு மக்கள் அனைவரும் பாதுகாப்பாக வந்து சேர்ந்துவிட்டனர்' என்று பச்சை எழுத்தில் காட்டியது. எனக்கும் சந்தோஷம்தான். உள்ளே போனேன். அத்தனை பெரிய ஹாலில் இரண்டு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக உரச்சாக்குகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு, எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அஞ்சுகம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"எங்கடி ஜனங்க?" என்றேன்.

"வூட்லதாம்மா இருக்காங்க."

"அப்ப இந்தச் சாக்குல என்ன?"

அவள் நல்லதம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போனும்மா."

நான் ஒரு சாக்கைப் பிரித்தேன். வாய் வரை போன். உடைந்தது, புதுசு, ரப்பர் பேண்ட் போட்டது, சாமி படம் ஒட்டியது. ஒவ்வொன்றிலும் வீட்டுப் பேர் எழுதிய துண்டு. ஒரு தெருவையே அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள்.

"வயலுக்குத் தண்ணி பாய முறை வைக்கிறாங்கல்லம்மா, அது மாதிரிதான்" என்றாள் அஞ்சுகம். "ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு வூடு எடுத்தாந்துடறது. இந்த வாட்டி எங்க வூட்டு முறை. கூட ரெண்டு பெருசுங்க தொணைக்கு."

"ஏன்? ஏன் இந்த வேலைன்னு கேக்கறேன்."

"போன வருஷம் நாலு வாட்டி கெளப்புனாங்க. மூணு வாட்டி தூறல்கூட இல்ல. வரலன்னா தெருவுக்கே கரண்ட்ட புடுங்கறாங்க. வந்தா மாட்ட யாரு கறக்கறது? அரணா வந்து கறக்கும்? ஒரு வாட்டி எல்லாரும் இங்க வந்து கெடந்தப்ப பன்னீரு வூட்டு ஆட்ட எவனோ ஓட்டிக்கிட்டே போயிட்டான். எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு, நான் மாட்ட வுட்டு நகர மாட்டேன், போன் வேணா போவட்டும்னு."

"இது எனக்கு ஏன் தெரியாது?"

"சொன்னா கத்துவீங்க."

கத்தினேன். காலேஜ் சுவர் அதிரும்படி கத்தினேன். அறிவு இருக்கா, பிள்ளை குட்டி வச்சிருக்கீங்களா இல்லையா என்று ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து என் போன் பேசியது.

"மணல்குடி பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம். வடக்கு ஷட்டர் இன்னும் அரை மணி நேரத்தில் திறக்கப்படும். தோப்புத்தெருவும் தொழிற்பேட்டையும் முழுமையாகக் காலியாக உள்ளன. சொத்து மதிப்பின் அடிப்படையில் வடக்குப் பாதை தேர்வு செய்யப்பட்டது. நூறு சதவீத வெளியேற்றத்துக்காகத் தங்கள் நிர்வாகத்துக்குப் பாராட்டுகள்."

"பாராட்ட நீயே வச்சுக்க. தெருவுல ஜனம் இருக்கு, தெறக்காத."

"தோப்புத்தெருவில் தற்போது யாரும் இல்லை."

"போன்தான் இங்க இருக்கு. ஆளுங்க அங்க இருக்காங்க. நான் இந்த ஊருக்குத் தலைவர், நான் சொல்றேன்."

"தங்கள் தகவல் பதிவு செய்யப்பட்டது. ஷட்டர் திறக்கும் நேரத்தில் உள்ளாட்சித் தலைவர்கள் தரும் தகவல், பெரும்பாலும் தம் பகுதிக்குத் தண்ணீர் வராமல் தடுக்கும் நோக்கம் கொண்டது என்பது கடந்தகால அனுபவம். ஆகவே அதற்குக் குறைந்த மதிப்பே அளிக்கப்படும். புரிதலுக்கு நன்றி."

அது சொன்னதும் பொய்யில்லை. எனக்கு முன்னால் இருந்த தலைவர், தெருவில் ரெண்டாயிரம் பேர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று அதனிடம் அழுதவர். அன்றைக்குத் தெருவில் ஒரு பந்தல்கால்கூட இல்லை. எவனோ சொன்ன பொய்க்கு என் வாயில் மண் விழுந்தது.

தெருவையாவது எச்சரிக்கலாம் என்று வார்டு கவுன்சிலருக்குப் போன் போட்டேன். சாக்குக்குள் மணி அடித்தது.

நல்லதம்பி அதற்குள் கலெக்டர் ஆபீசைப் பிடித்து என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு பையன் குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேல்முறையீடு பண்ணலாம் மேடம்" என்றான்.

"யாரு விசாரிப்பாங்க?"

"அரண்தான் மேடம்."

போனை நல்லதம்பியிடமே கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் சுவரில் அடித்திருப்பேன். இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு என்னை எதற்கு உட்காரவைத்தார்கள்? சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கவா?

"சாக்க வேன்ல ஏத்துங்க" என்றேன்.

நல்லதம்பிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "மேடம், காலி செஞ்ச எடத்துக்குள்ள ஆளுங்கள திருப்பிக் கூட்டிட்டுப் போறது குத்தம். பதினேழாம் விதி. பதவி போயிடும்."

"ஆளுங்கள எங்க கூட்டிட்டுப் போறேன்? போனத்தான கொண்டுபோறேன். தலை இருந்தாத்தான அது தெறக்காது? தலைய காட்டுவோம்."

"அரணப் பொறுத்தவரைக்கும் அது ஆளுங்கதான் மேடம்."

"அதத்தான நானும் சொல்றேன். ஏத்துங்க."

சாம்பார் அண்டாவை இறக்கிவிட்டுச் சாக்குகளை ஏற்றினோம். அஞ்சுகம் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நல்லதம்பி ஜீப்பில் பின்தொடர்ந்தார். தடுக்க வருகிறாரா, துணைக்கு வருகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பாதி தூரம் போனதும் சாக்குகள் பேச ஆரம்பித்தன. ஒரு தெருவே திரும்பி ஓடுகிறது என்று அரண் நினைத்துவிட்டது. 'தயவுசெய்து முகாமுக்குத் திரும்புங்கள். நீங்கள் ஆபத்துப் பகுதியை நோக்கிச் செல்கிறீர்கள்' என்று அத்தனை போனும் ஒன்றாகக் கத்தின. ஒரே வண்டியில் இத்தனை பேர் ஏறக் கூடாது என்று என் டிரைவருக்குத் தனியாக அபராதம் வந்தது. அவன் சிரித்தான். அந்த நிலையிலும் எனக்கும் சிரிப்பு வந்தது.

கூட்ரோட்டுக்கு வந்தபோது சத்தம் நின்றது. அங்கேதான் சாலை பிரியும். வலது பக்கம் போனால் தோப்புத்தெரு, இடது பக்கம் போனால் தொழிற்பேட்டை. என் போன் மட்டும் பேசியது.

"தோப்புத்தெரு எல்லையில் மக்கள் நடமாட்டம் கண்டறியப்பட்டது. வடக்கு ஷட்டர் திறப்பு நிறுத்தப்படுகிறது."

நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

"மாற்றாக, தெற்கு ஷட்டர் அரை மணி நேரத்தில் திறக்கப்படும். தொழிற்பேட்டையில் யாரும் இல்லை."

அஞ்சுகம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அம்மா. எம் பொண்ணு யமுனா அங்கதாம்மா இருக்கா."

"அதான் காலின்னு சொல்லுதே. கம்பெனிக்கு லீவுதானே?"

"லீவுன்னு கணக்குதாம்மா. வேல நடக்குது. உள்ள போறப்ப போன கேட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. எப்பவும் அப்படித்தான். நேத்து அந்தப் போனையெல்லாம் ஒரு பஸ்ல ஏத்தி டவுன் முகாமுக்கு அனுப்பிட்டாங்க. யமுனாதான் சொல்லுச்சு." குரல் இறங்கிவிட்டது. "நம்ம தெருவப் பாத்துத்தாம்மா கத்துக்கிட்டாங்க. அங்க வேல செய்ற புள்ளைங்கல்லாம் நம்ம சுத்துப்பட்டுப் புள்ளைங்கதான? பேச்சு வாக்குல சொல்லியிருக்கும்."

அந்தத் தொழிற்பேட்டையில் மழைநாளில் ஓடுவது ஒரு பேட்டரி கம்பெனி மட்டும்தான். அதன் அதிகாரி ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தனுப்புகிறவர்.

"உள்ள பொம்பளப் புள்ளைங்க இருக்காங்களாமே. உடனே வெளிய அனுப்புங்க, தண்ணி வருது."

"மேடம், நேத்தே இவாக்குவேட் பண்ணிட்டோம். எங்க ரெக்கார்டுல உள்ள யாரும் இல்ல."

"ரெக்கார்ட கேக்கல. உள்ள ஆள் இருக்கா இல்லையா?"

"ஒரு ஆர்டர் பெண்டிங் மேடம். நான் இப்ப சென்னைல இருக்கேன். அது நார்த் சைடுதான் போகும்னு சொன்னாங்களே. ப்ளீஸ், பெரிசு பண்ணாதீங்க." லைன் போய்விட்டது. அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

நல்லதம்பி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து நின்றார். மழை அவர் கண்ணாடியில் வழிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"காலின்னு அறிவிச்ச எடத்தோட கேட்ட, திருட்டுப் போகாம இருக்க அரணே பூட்டிடும் மேடம். உள்ள இருக்கறவங்க தெறக்க முடியாது. அது பள்ளம் வேற. உள்ள ஏறி நிக்க ஒரு மேடுகூட இல்ல."

"ஆள் இருக்குன்னு தெரிஞ்சா?"

"தானா தெறந்துடும்."

"அப்ப இந்தச் சாக்கு அங்க போனா?"

"கேட் தெறக்கும். தெற்கு ஷட்டர் தெறக்காது." கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா தோப்புத்தெருவுல திரும்பவும் தலை இருக்காது. வடக்குதான் தெறக்கும். நம்ம தெருவுக்குள்ள."

"பாதி அங்க, பாதி இங்கன்னு வச்சா?"

"அங்க கம்மியா வச்சா, கேட் தெறந்து புள்ளைங்க வெளிய வர்றதுக்குள்ள தெற்கத் தெறந்துடும் மேடம். ரெண்டும் சமம்னா சொத்து மதிப்பு பாக்கும். நம்ம ஓட்டு வீடெல்லாம் சேந்து அந்தக் கம்பெனியோட ஒரு மெஷினுக்கு வராது."

நான் ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் எனக்கு ஓட்டுப் போட்ட தெரு. மறுபக்கம் பூட்டிய கேட்டுக்குள் யாருடைய கணக்கிலும் வராத பிள்ளைகள். தெருவுக்கு ஒரு வழி இருந்தது. அங்கிருந்து ரயில் மேட்டுக்குப் பத்து நிமிஷ நடை. வீடு போகும், ஆனால் ஆளைக் கிளப்பிவிடலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரை என் கையாலேயே என் ஊருக்குள் திருப்ப வேண்டும்.

"அஞ்சுகம், உன் வீடும் அங்கதான் இருக்கு" என்றேன்.

"வூடு போனா போவுதும்மா. அவரு மேட்டுக்கு ஏறிடுவாரு. நீங்க போய்ச் சொன்னா ஏறிடுவாரு."

நல்லதம்பியைப் பார்த்தேன். அவர் எந்த விதியையும் சொல்லவில்லை. வேனின் கதவைத் திறந்து முதல் சாக்கைத் தோளில் தூக்கி ஜீப்பில் போட்டார். நான்கைந்து நடையில் எல்லாம் மாறிவிட்டன. அஞ்சுகம் முன் சீட்டில் ஏறினாள். ஜீப் இடது பக்கம் திரும்பியது. நான் வலது பக்கம் போனேன்.

வேனில் மைக் இருந்தது. தெருமுனையில் நுழைந்ததும் டிரைவர் அதைப் போட்டான். போட்டதும் நான் ஒரு விஷயத்தைப் பார்த்தேன். தெருவில் நின்றிருந்தவர்கள் எல்லாம் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜன்னல்களைக்கூடச் சாத்தினார்கள். வருஷம் பூராவும் அந்த மைக்கில்தானே 'வீட்டு வரி கட்டாதவர்கள் உடனே கட்டவும், தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று கத்திக்கொண்டிருக்கிறோம்? அந்த வண்டியைக் கண்டால் வீட்டில் ஆள் இல்லை என்று காட்டிக்கொள்ளப் பழகிய தெரு அது. வெள்ளம் என்று நான் கத்தக் கத்த, வரி வசூலுக்குப் புது உத்தி என்று உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

மைக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தட்டினால் திறந்துவிடுவார்களா? பேர் சொல்லித் திட்டினேன். "ஏய் குப்பாயி, வரிக்கு வரல, உன் உசிருக்கு வந்திருக்கேன், வெளிய வா. டேய் தனவேலு, ஒளிஞ்சு கெடக்கறது தெரியுது, புள்ளைங்கள தூக்கிட்டு ஓடு." என் வாய்க்கு ஊரில் கெட்ட பேர். அன்றைக்கு அந்த வாய்தான் உதவியது. முதல் கதவு திறந்தது, பிறகு பக்கத்துக் கதவு. தலைவரம்மா மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். 

"எவ்ளோ நேரம்மா இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"அரை மணி. இனிமேதான் அறிவிப்பு வரும், வந்தா அதிலேர்ந்து அரை மணி" என்றேன். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கடைசி வீடு அஞ்சுகத்துடையது. அவள் புருஷன் சிவக்கொழுந்து மாடுகளை ஏற்கெனவே அவிழ்த்திருந்தார். இரண்டு பசு, ஒரு சினைக் கிடாரி. "யமுனா?" என்று மட்டும் கேட்டார். அஞ்சுகம் போயிருக்கிறாள், கேட் திறந்துவிடும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

மேட்டில் பாதி ஏறியபோது போன் வந்தது. நல்லதம்பி. "மேடம், கேட் தெறந்துடுச்சு. புள்ளைங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. ரோட்டு மேல ஏத்திட்டேன். அஞ்சுகம் பொண்ணும் இருக்கு." அவர் குரல் அழுவது போல இருந்தது. அடுத்த நொடியே அரண்.

"தெற்கு ஷட்டர் திறப்பு நிறுத்தப்படுகிறது. தோப்புத்தெரு காலியாக உள்ளது. வடக்கு ஷட்டர் திறக்கப்படும். ஏரிக்கரையின் தாங்குதிறன் எல்லையை எட்டிவிட்டதால், அறிவிப்புக் காலம் ஐந்து நிமிடமாகக் குறைக்கப்படுகிறது."

அப்படிக் குறைக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நல்லதம்பிக்குத் தெரிந்திருக்கலாம். அவர் பக்கத்தில் இல்லை.

திரும்பிப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினேன். கூட்டம் முண்டியது. பசு இரண்டும் மேட்டில் இருந்தன. கிடாரியைக் காணவில்லை. சிவக்கொழுந்தையும் காணவில்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு தொழுவத்துக்கே ஓடிவிட்டதாம். அரை மணி இருக்குதே, ஓட்டிக்கிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

நான் கீழே இறங்கி ஓடப் பார்த்தேன். பன்னீரும் தனவேலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். திட்டினேன், விடவில்லை. தண்ணீர் வந்தது. நுரையும் குப்பையுமாகத் தெருமுனையில் திரும்பி, என்னமோ விலாசம் தெரிந்த மாதிரி நேராக உள்ளே போனது.

மறுநாள் தொழுவத்தில் அவரை எடுத்தோம். கிடாரியின் கயிறு கையில் சுற்றியிருந்தது. தெருவே கூடி அடக்கம் செய்தது. எந்தப் பக்கம் ஜீப் போனதென்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்த வாரமே அரணின் அறிக்கை வந்தது. நெடுமரத்து ஏரி நிகழ்வில் உயிரிழப்பு இல்லை. மணல்குடி பேரூராட்சியின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது. தலைவருக்கு நற்சான்று வழங்கப் பரிந்துரை.

காரியம் முடிந்தபின் அஞ்சுகம் என் அலுவலகத்துக்கு வந்தாள். யமுனாவும் கூட வந்து கதவோரமாக நின்றாள். அஞ்சுகம் இறப்புச் சான்று கேட்டாள். அது இருந்தால்தான் நிவாரணம். பிறப்பு இறப்பைப் பதிவது இன்னும் எங்கள் கையில் மிச்சமிருக்கிற வேலை. இதையாவது செய்யலாம் என்று நானே பதிவுக் கருவியில் விரலை வைத்தேன்.

"சிவக்கொழுந்து அவர்கள் நலமாக உள்ளார்" என்றது அரண்.

"என்ன நலம்? பொதைச்சுட்டு வந்திருக்கோம்."

"வெள்ள நேரத்தில் அவர் தொழிற்பேட்டையில் பாதுகாப்பாக இருந்தது உறுதி செய்யப்பட்டுள்ளது. பேரிடர்ப் பகுதியில் இறப்பை அறிவிக்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு இல்லை. புரிதலுக்கு நன்றி."

அவருடைய போன் சாக்கில் இருந்தது. அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டுதான் அஞ்சுகம் கம்பெனிக்குப் போயிருந்தாள். மேசையை ஓங்கி அறைந்தேன். தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. ஒரு மனிதன் செத்தான் என்று சொல்லக்கூட எனக்கு அதிகாரம் இல்லையென்றால், இந்த நாற்காலியை எடுத்து அடுப்பெரிக்கலாம்.

நல்லதம்பி மெல்லச் சொன்னார். "போன அணைச்சுடுங்கம்மா. சிக்னல் இல்லாம மூணு மாசம் ஆனா காணாம போனவர்னு ஆகும். அப்புறம் மனு போடலாம். நானே எழுதித் தரேன். கெடைச்சுடும்."

அஞ்சுகம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் இருந்து அந்தப் போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"அணைச்சா தெருக் கணக்குல ஒரு தலை கொறஞ்சுடுமா சார்?"

"ஆமா. கொறையும்."

"இனிமே போன தெருவ வுட்டு அனுப்பறதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம். ஒரு தலை கொறஞ்சா, அடுத்த மழைக்குத் தண்ணி நம்ம பக்கம் வுடுவாங்களா?"

நல்லதம்பி என்னைப் பார்த்தார். அந்த ஒரு தலை போதுமா போதாதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அப்படியும் ஆகலாம்மா" என்றார்.

"அப்ப சான்று வேணாம் சார்." போனை மறுபடி பையில் போட்டு இடுப்பில் சொருகினாள். "அவரு உசிரோடவே இருக்கட்டும்."

யமுனா வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போன அஞ்சுகம் திரும்பி நின்று, சார்ஜர் வெள்ளத்தில் போய்விட்டது, ஆபீசில் பழசு ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். மேசை டிராயரில் இருந்த என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன்.